மாத்திப் போட்டாலும் ஆறுதான்

டீச்சருங்களா நீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கறதால கண்ணு தானா நோட்டுப் பக்கம் போயிருச்சு. பஸ்ஸு இந்தக் குலுக்கு குலுக்குது, இதுல எப்படித்தான் சிவப்புப் பேனாவப் புடிச்சுத் திருத்தறீங்களோ. மதியம் தாராபுரத்துல மீட்டிங்குங்களா? அதுக்குள்ள முடிக்கணுமாக்கும். சரி, திருத்துங்க.

நான் எதுக்குக் கேட்டேன்னா, இப்ப ஒரு புள்ளையோட நோட்டு பாத்தீங்களே, அதுல எட்டேழு எத்தனைன்னு கேட்ட எடத்துல அந்தப் புள்ள ஏழெட்டுன்னு மாத்தி எழுதி அம்பத்தாறு போட்டிருந்துச்சு. நீங்க அதுக்கு டிக் அடிச்சீங்க. அது சரிதானுங்களே? மாத்திப் போட்டாலும் சரிதானே?

அதுக்குப் பேரு கூட இருக்குதுங்களா. பரிமாற்றுப் பண்பு. நல்ல பேருதான். முப்பது வருஷமா அத வெச்சுத்தான் பொழைக்கறேன், பேரு இன்னிக்குத்தான் தெரியுது.

டைல்ஸ் ஒட்டறவனுங்க நான். பேரு சென்னியப்பன், ஒட்டன்சத்திரம். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, பாருங்க, இப்படிக் கால நீட்டி உக்காந்தாத்தான் ஆகுது. எடஞ்சலா இருந்தாச் சொல்லுங்க. தரையிலயே மண்டி போட்டு மண்டி போட்டு, இப்ப சேர்ல உக்காந்தாலும் வலிக்குது, நின்னாலும் வலிக்குது. திருப்பூருக்குப் போறேன். மக வீட்டுக்கு. வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, நாலு மாசமா.

டீச்சருங்கறதால உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா? யாராவது கணக்குத் தெரிஞ்சவங்களப் பாத்தாக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். எங்க வேலையில இருக்கறவங்ககிட்டக் கேட்டா சிரிப்பானுக. மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். தாராபுரம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

நான் நாலாவது வரைக்கும்தான் படிச்சேங்க. ஏழாம் வாய்ப்பாட்டுல நின்னு போச்சு. ஏழஞ்சு முப்பத்தஞ்சு வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. எட்டாம் வாய்ப்பாடு, ஒம்பதாம் வாய்ப்பாடெல்லாம் பாத்தாலே புஸ்தகத்த மூடிருவேன். இத்தனையும் எப்படி மண்டையில ஏத்தறதுன்னு மலைச்சுப் போய் ஒரு நாள் போகாம இருந்தேன், மறுநாளும் போகல, அப்படியே நின்னுட்டேன். வீட்டுல யாரும் கேக்கல. அப்புறம் கட்டட வேலைக்குப் போனேன், சித்தாளு, செங்கல் சொமந்தேன், டைல்ஸ் வேலைக்கு வந்தேன். ஒட்டறது கை வந்துருச்சு. கணக்கு வரல. ஒரு ரூமுக்கு எத்தனை டைல்ஸ் வேணும்னு மேஸ்திரி கேட்டா, நூலக் கட்டி, சாக்பீஸுல கட்டம் போட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவேன். அவரு பீடியப் பத்த வெச்சு முடிக்கறதுக்குள்ள வாயாலயே சொல்லிருவாரு. நான் பாதி எண்ணியிருப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கும் சிரிப்பு மாதிரி ஒண்ணு வரும்.

இருவத்தேழு வயசுல கல்யாணம். பூவாத்தா. வீட்டுக்காரி பேருங்க அது. அவ எட்டாவது பாஸு. பொண்ணு பாக்கப் போனப்பவே எங்கம்மா சொல்லுச்சு, படிச்ச புள்ளையா இருக்குது, இவனுக்கு ஒத்து வருமான்னு. ஒத்து வந்துச்சு. கொற சொல்ல முடியாது.

கல்யாணம் ஆகி ஒரு மாசம் இருக்கும். ஒரு லீவு நாள்ல அவ கீழ உக்காந்து நெலக்கடல தொலிச்சுட்டு இருந்தா. நான் செவுத்துல செங்கல் துண்டால கோடு போட்டு எண்ணிட்டு இருந்தேன், மறுநாள் வேலைக்கு. என்ன பண்றீங்கன்னு கேட்டா. மறைக்கத்தான் பாத்தேன். அப்புறம் சொல்லிட்டேன், எனக்கு வாய்ப்பாடு வராதுன்னு.

அவ சிரிக்கலைங்க. அத இப்பவும் சொல்லணும். சிரிக்கல. கடலப் பருப்ப எடுத்து தரையில வெச்சா. அஞ்சு பருப்பு ஒரு வரிச, அதுக்குக் கீழ அஞ்சு, அதுக்குக் கீழ அஞ்சு. எத்தனை வரிசன்னா. மூணுன்னேன். எத்தனை பருப்புன்னா. எண்ணிப் பாத்துப் பதினஞ்சுன்னேன். எந்திரிச்சு இங்க வாங்க, இந்தப் பக்கவாட்டுல வந்து உக்காருங்கன்னு அவ தள்ளி எடம் விட்டா. போய் உக்காந்தேன். இப்ப எத்தனை வரிசன்னா. பாத்தா அஞ்சு வரிசை, வரிசைக்கு மூணு. பருப்ப யாரும் தொடல. எண்ணிப் பாக்கணுமான்னு கேட்டா.

எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. சின்ன விஷயந்தான், உங்களுக்கெல்லாம் மூணாவது படிக்கற புள்ளைக்குச் சொல்லித் தர்றது. எனக்கு அது இருவத்தேழு வயசுல வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே கடையில போய் வாய்ப்பாட்டுப் புஸ்தகம் வாங்கிட்டு வந்தா. பேனாவ எடுத்து அடிச்சுட்டே போனா. இது அங்கயே வந்துருச்சு, இது வேண்டாம், இதுவும் வேண்டாம்னு. பாத்தா பாதிப் புஸ்தகம் இல்ல. எட்டேழு எதுக்கு, ஏழெட்டு தெரிஞ்சாப் போதும். மீதி இருந்தத பதினஞ்சு நாள்ல படிச்சேன். பதினஞ்சே நாளு. இத்தனை நாளா பாதிப் புஸ்தகத்துக்குப் பயந்துட்டு இருந்திருக்கேன்.

ரெண்டு வருஷத்துல மேஸ்திரி ஆயிட்டேங்க.

அதுக்கப்புறம் எதுக்கும் அந்தக் கணக்குத்தான். பன்னெண்டடி எட்டடின்னாலும், எட்டடி பன்னெண்டடின்னாலும் அதே கல்லு. வேலையில மட்டும் இல்ல, வீட்டுலயும். அவ வருஷத்துக்கு மூணு தடவ அவங்கம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு ரெண்டு நாள் இருந்துட்டு வருவா. கோயில் நோம்பிக்கு ஒருக்கா, தீவாளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா. எனக்கு வேல கெடுது. நான் சொன்னேன், ரெண்டு தடவையா மூணு மூணு நாளாப் போயிட்டு வா, ஆறு நாளு ஆறு நாளுதான்னு. சரிங்கன்னா. அன்னில இருந்து தீவாளிக்குப் போறதில்ல. நான் ஒரு நாள் கூடக் கொறைக்கல பாருங்க. நாயமாத்தான் நடந்துட்டு இருந்தேன்.

இப்பச் சொல்ல வந்தது போன ஆவணியில நடந்தது.

தண்ணி புடிக்கப் போனவ கொழாயடியில விழுந்துட்டா. வலிப்பு. அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க, மண்டைக்குள்ள சின்னதா ஒரு தழும்பு இருக்குது, பயப்பட வேண்டாம், மாத்திரைய மட்டும் விடாமச் சாப்பிடணும்னாங்க. காலையில ரெண்டு, மதியம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. சின்ன மாத்திரை, வெள்ளையா. நேரம் தவறக் கூடாதுன்னாங்க. சொன்னாங்க, இல்லைங்கல.

அதுக்கப்புறம் அவளுக்கு மறதி வந்துருச்சு. அடுப்ப அணைச்சேனான்னு கேப்பா, கதவப் பூட்டுனேனான்னு கேப்பா. மாத்திரை போட்டமா இல்லையான்னு தெரியாம ஒரு நாள் ரெண்டு தடவ போட்டுட்டா. நான் பாத்தேன், மாத்திரைய எடுத்து பீரோ மேல வெச்சுட்டேன், இனிமே நானே கையில குடுக்கறேன்னுட்டேன். மகளும் கட்டிக் குடுத்துப் போயிட்டா, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அப்ப எனக்குப் பழனி ரோட்டுல வேல, வீட்டுல இருந்து மூணு கிலோமீட்டரு. காலையில குடுத்துட்டுப் போவேன், மதியம் வண்டிய எடுத்துட்டு வந்து குடுப்பேன், வந்தது வந்தேன்னு வீட்டுலயே சாப்பிட்டுட்டுப் போவேன். ராத்திரிதான் இருக்கேன். இருவது நாளு அப்படிப் போச்சு. தொந்தரவு இல்ல, வலிப்பு வரல.

அப்புறம் கள்ளிமந்தயத்துல ஒரு மண்டபம். பெரிய வேல. தர பூரா டைல்ஸு, மேடை, சாப்பிடற ஹால் எல்லாம். நடுவுல மதியம் போயிட்டு வர்றதுன்னா ஒண்ணரை மணி நேரம் போகுது. கலவையப் போட்டுட்டுப் போனா எறுகிருது, திரும்பி வந்து சொரண்டி எடுத்துட்டு மறுபடி போடணும். எஞ்சினியர் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு. மூணாவது தடவ சொல்லல, வேற மேஸ்திரியப் பாக்கறேன்னு போன்ல யார்கிட்டயோ பேசறாரு, எனக்குக் கேக்கற மாதிரி.

நான் யோசிச்சேன். வண்டியில வரும்போது யோசிச்சேன். மூணு வேளைக்கு ரெண்டு ரெண்டு, மொத்தம் ஆறு. ரெண்டு வேளைக்கு மூணு மூணு, மொத்தம் ஆறு. காலையில மூணு குடுத்துட்டுப் போனா, சாயங்காலம் வந்து மூணு. ஒரு மாத்திரை கூடல, ஒரு மாத்திரை கொறையல. டீச்சர், நீங்களே சொல்லுங்க. இதுல எங்க தப்பு?

இருங்க, சொல்லி முடிச்சறேன், அப்புறம் சொல்லுங்க.

மறுநாள் காலையில மூணு மாத்திரைய உள்ளங்கையில வெச்சுக் குடுத்தேன். அவ பாத்தா. "மூணு இருக்குதுங்க"ன்னா. "மாத்திப் போட்டிருக்கேன். மதியத்துக்குக் கெடையாது. நீ சொல்லிக் குடுத்ததுதான்"னேன். கொஞ்ச நேரம் கையில வெச்சுட்டே இருந்தா.

"அப்ப மதியம் வர மாட்டீங்களா?"

"வந்து என்ன பண்றது, மாத்திரைதான் இல்லையே."

சரிங்கன்னா. போட்டுக்கிட்டா. எதுத்து ஒண்ணும் பேசலைங்க. பேசியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். எட்டாவது படிச்சவ, தப்புன்னா தப்புன்னு சொல்லியிருக்கலாமில்ல. அவ சொல்லல.

பத்து நாளு ஓடுச்சு. நடுவுல பக்கத்து வீட்டு அம்மா ஒருக்காச் சொன்னாங்க, உங்க வீட்டுக்காரம்மா காலையில ஒரு மாதிரி தள்ளாடறாங்க, பேச்சுக் கொழறுதுன்னு. நான் இவகிட்டக் கேட்டேன். ஒண்ணுமில்லைங்கன்னா. ஒண்ணுமில்லைன்னு சொன்னா நான் என்ன செய்யறது.

பதினொண்ணாம் நாளு மேடைக்குக் கல்லு ஒட்டிட்டு இருக்கேன், நாலு மணி இருக்கும், போன் வருது. பக்கத்து வீட்டு அம்மாதான். வாங்க வாங்கங்கறாங்க, வேற ஒண்ணும் சொல்லல. கையில கலவையோட வண்டிய எடுத்தேன். நான் போறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. அடுப்படியில வலிப்பு வந்து, விழுந்த வேகத்துல ஆட்டுக்கல்லு மேல மண்ட பட்டிருச்சு. ஏழு தையலு. இடது கை மணிக்கட்டுல எலும்பு ஒடஞ்சு போச்சு. மூஞ்சி வீங்கி, பாத்தா எனக்கே அடையாளம் தெரியல.

மக கோகிலா திருப்பூர்ல இருந்து வந்துட்டா. மறுநாள் காலையில டாக்டரு வந்தாரு. சின்ன வயசு டாக்டரு. மாத்திரை அட்டையக் கையில எடுத்துப் பாத்துட்டே கேட்டாரு, இத எப்படிச் சாப்பிட்டீங்கன்னு. நான் கட்டில் கால் பக்கம் நின்னுட்டு இருந்தேன். கோகிலா தல பக்கம். எனக்கு வாய் தொறக்கல. தொறக்கணும்னுதான் நெனச்சேன்.

அவதான் பேசுனா. மண்டையில கட்டோட. "நான்தாங்க டாக்டரு தப்பாப் போட்டுக்கிட்டேன். மதியம் மறந்து போகுதுன்னு, காலையிலயும் சாயங்காலமும் மூணு மூணாப் போட்டுக்கிட்டேன்."

டாக்டருக்குக் கோவம். ஏம்மா, ஒரே நேரத்துல மூணு போட்டா தள்ளாட்டம் வரும், அப்புறம் மதியத்துக்கு மேல ஒடம்புல மருந்தே இருக்காது, அந்த நேரம் பாத்துதான் வலிப்பு வரும், மொத்தம் ஆறுன்னு கணக்குப் பாத்தா ஆச்சா, எப்பப் போடறதுன்னு ஒண்ணு இருக்குதில்லன்னாரு. அவ தலையாட்டுனா. நானும் கேட்டுட்டுத்தான் நின்னேன். அவளச் சொல்ற மாதிரி என்னைச் சொல்லிட்டு இருந்தாரு, அவருக்குத் தெரியாது.

நான் ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. நீங்க வாயால கேக்கல, மொகத்துல தெரியுது. அவ சொல்லிட்டாளே. அவ ஒண்ணு சொன்னதுக்கப்புறம் நான் இல்லைன்னா, அவ பொய் சொன்னதா ஆகாதுங்களா? கோகிலா முன்னாடி அவளப் பொய்க்காரி ஆக்கறதா? அப்படித்தான் நெனச்சேன். எனக்காகத்தான் சொல்றா, நம்ம கௌரவத்தக் காப்பாத்தறா, இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் அவகிட்ட தனியாக் கூட அதப் பத்திக் கேக்கல. எப்படிக் கேக்கறது.

ஆனா அதுக்கு மேலதான் சிக்கலாச்சு. கோகிலா சொல்லிட்டா, அம்மாவத் தனியா விட முடியாது, மாத்திரையத் தப்பாப் போட்டுக்குது, நீங்க வேலைக்குப் போயிருவீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு. அவ சொல்றது நாயந்தானுங்களே. அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நாயந்தான். கை கட்டுப் பிரிக்கற வரைக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனா. கட்டுப் பிரிச்சு ரெண்டரை மாசம் ஆச்சு.

நான் வாராவாரம் ஞாயித்துக்கிழம போயிட்டு வருவேன். முருங்கக்கா நாலு, மார்க்கெட்டுல தக்காளி கொஞ்சம் எடுத்துக்குவேன். அங்க கோகிலாவோட மாமியா இருக்காங்க, வயசானவங்க, பனியன் கம்பெனியில செக்கிங் வேல பாத்து நின்னவங்க. இவளும் அவங்களும் நல்ல சேத்தி ஆயிட்டாங்க. மதியம் ஆனா அந்தம்மா, "பூவாத்தா, வா சாப்பிடலாம்"ன்னு கூப்பிடுது. ரெண்டும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு, மாத்திரையப் போட்டுட்டு, டிவி பாத்துட்டே தூங்குதுங்க. வலிப்பு வரலைங்க, இந்த நாலு மாசத்துல ஒருக்காக் கூட வரல. மறதியும் கொறஞ்சிருக்கு. எனக்குச் சந்தோஷந்தான். ஆனா வீட்டுக்கு வந்தா அடுப்பு பத்த வெக்க ஆளில்ல. நானே ரெண்டு இட்லி வாங்கிட்டு வர்றேன். துணி ஊற வெச்சது ரெண்டு நாளா ஊறுது. எத்தனை நாளைக்குங்க?

அதனால போன ஞாயித்துக்கிழம முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் அவளும் நானும் மாடியில காயப் போட்ட துணி எடுத்துட்டு இருந்தோம். நான் சொன்னேன், "பூவா, கோகிலாகிட்டச் சொல்லிடறேன். உன் மேல தப்பில்ல, நான்தான் மாத்திக் குடுத்தேன்னு சொல்லிடறேன். சொல்லிட்டா உன்னத் தனியா விடலாம்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். வீட்டுக்குப் போலாம்."

அவ துணிய மடிச்சுட்டே இருந்தா.

"வேண்டாங்க."

"ஏன்? என்னையத் திட்டுவான்னா? திட்டட்டும்."

"அதுக்கில்லைங்க. சொன்னா கூட்டிட்டுப் போயிருவீங்க."

எனக்கு மொதல்ல புரியல. மறுபடி கேட்டேன். அவ நிதானமாத்தான் பேசுனா. அவ எப்பவும் நிதானம்தான். "இங்க மதியம் சாப்பிடக் கூப்பிட ஆள் இருக்குதுங்க. அங்க காலையில நீங்க போனா சாயங்காலம் வரைக்கும் செவுத்தப் பாத்துட்டு இருக்கணும். முப்பது வருஷம் இருந்தாச்சு. மாத்திரை குடுக்க வந்தீங்களே ஒரு இருவது நாளு, அப்ப மட்டுந்தான் ரெண்டு பேரும் மதியம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். எனக்கு அது நல்லா இருந்துச்சுங்க. அப்புறம் நீங்க மூணு மாத்திரையக் கொண்டாந்து நீட்டுனீங்க."

"அது தப்புன்னு தெரிஞ்சே போட்டுக்கிட்டயா?"ன்னு கேட்டேன்.

"தப்புன்னு தெரியாதுங்க. ஆனா நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு."

பாருங்க டீச்சர். நான் மாத்திரையப் பத்திப் பேசறேன், இவ சோத்தப் பத்திப் பேசறா. கணக்குல எங்க தப்புன்னு நாலு மாசமா மண்டையப் போட்டு ஒடச்சுட்டு இருக்கேன், இவ அந்தப் பக்கமே வரல. ஆஸ்பத்திரியில சொன்ன பொய் கூட எனக்காகன்னு நெனச்சேன். எனக்காகத்தானான்னு கேக்க வாய் வரல. கேட்டு, இல்லைன்னுட்டான்னா?

அவ வேண்டாம்னு சொல்லியும் நான் சொல்லிட்டேங்க. கீழ எறங்கி வந்ததும் கோகிலாகிட்டச் சொன்னேன். சமையக்கட்டுல நின்னுட்டு இருந்தா. எல்லாத்தையும் சொன்னேன், மண்டப வேல, எஞ்சினியர், மூணு மாத்திரை, எல்லாம். சொன்னா லேசாகும்பாங்களே, அப்படி ஒண்ணும் ஆகல. அவ கேஸ அணைச்சா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல.

"இத இப்ப எதுக்குப்பா சொல்றீங்க?"ன்னா.

"தப்பு என் மேலதான், அம்மா மேல இல்லைன்னு..."

"இல்லப்பா. அம்மாவக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான சொல்றீங்க."

கோகிலா அவங்கம்மாவக் கூப்பிட்டா. "அம்மா, அப்பா சொல்லிட்டாரு. உனக்குப் போகணுமாம்மா?"ன்னு கேட்டா. இவ மடிச்ச துணியெல்லாம் கையில வெச்சுட்டு வாசப்படியில நின்னா. என்னையப் பாத்தா. மகளப் பாத்தா. "நான் இங்கயே இருக்கறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு துணிய உள்ள கொண்டு போய் வெச்சா. அவ்வளவுதான். சண்ட கிண்ட ஒண்ணுமில்ல. ராத்திரிக்குச் சப்பாத்தி கட்டிக் குடுத்தாங்க. வாங்கிட்டு பஸ் ஏறுனேன்.

இப்பச் சொல்லுங்க டீச்சர், கணக்கு சரியா, தப்பா?

ம்.

ம், சரிதான். ரெண்டு மூணு ஆறுங்கறதும், மூணு ரெண்டு ஆறுங்கறதும், மொத்தத்துக்கு மட்டும்தான் ஒண்ணு. மாத்திரைக்கு அது இல்ல. அவரும் அதையேதான் சொன்னாரு, அந்த டாக்டரு. ஆனா அவரு கோவமாச் சொன்னாரு, நீங்க தன்மையாச் சொல்றீங்க. கேட்டுக்கறேன். என்னமோ, யாராவது கணக்கு சரின்னு சொல்லிட்டா மனசு ஆறும்னு நெனச்சேன். நீங்க பாதி சரின்னு சொல்லிட்டீங்க. ஆறலைங்க.

திங்கக்கிழம வேலைக்குப் போனேன். இப்ப ஒரு வீட்டு வேல, சின்னது. மதியம் ஒரு மணிக்கு தூக்குப்போசியத் தொறந்தேன். ஓட்டல்ல வாங்குன தக்காளி சோறு. எதுத்தாப்புல சும்மா செவுரு, இன்னும் பூசல. சாப்பிட்டேன். நேத்தும் அப்படித்தான். நேத்து பாதி சாப்பிட்டுட்டு மூடி வெச்சுட்டேன். பசி இருந்துச்சு, ஆனா எறங்கல. இத்தனை வருஷம் வேலையிடத்துல ஒத்தையா உக்காந்து சாப்பிட்டவன்தான், ஒரு நாளும் இப்படித் தோணுனதில்ல.

இன்னிக்குக் காலையில போயி வேலையத் தொடங்குனேன். சமையக்கட்டுக்கு ரெண்டு வரிசதான் பாக்கி. மொத வரிச நூலக் கட்டிட்டு நின்னேன். அப்புறம் நூல அவுத்துட்டு, வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், நாளைக்கு வந்து முடிச்சுத் தர்றேன்னு. என்ன மேஸ்திரி, ரெண்டு வரிசைக்காகவான்னாரு. ஆமாங்கன்னேன். கைகால் கழுவிட்டு நேரா பஸ் ஸ்டாண்டு. சட்ட கூட மாத்தல, பாருங்க, முழங்கையில சிமெண்டு.

இன்னிக்குப் புதங்கிழமைங்க. நான் வர்றது அங்க யாருக்கும் தெரியாது. கோகிலா வேலைக்குப் போயிருப்பா, மருமகனும் இருக்க மாட்டாரு. கூட்டிட்டு வர்றதுக்கா போறீங்கன்னு கேக்காதீங்க. இல்லைங்க. அவதான் வரலைன்னுட்டாளே. எதாவது பேசப் போறேனான்னா, அதுவும் தெரியல. பேசறதுக்கு என்ன இருக்குது.

தாராபுரம் வந்துருச்சுங்களே. நோட்டுக முடியல, என்னால நாலு நோட்டு நின்னு போச்சு. மன்னிச்சுக்குங்க. இருங்க, எந்திரிக்கறேன், பையப் பாத்து எடுங்க, அந்தக் கம்பி மாட்டும்.

நானுங்களா? இப்பப் பன்னெண்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் மெதுவாத்தான் ஓட்டறாரு. பரவால்ல. அவளும் அந்தம்மாவும் சாப்பிட உக்கார்றது ஒண்ணரைக்கு மேலதான்.